சுகுணா வெச்ச சாமந்தி

சுகுணாவை எனக்கு ஒம்போது வருசமாத் தெரியும். பெங்களூருல கட்டட வேலைக்குப் போயி, கலவைச் சட்டி சுமந்து சுமந்து இடுப்பு ஒடிஞ்சு வந்தவ. பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்க ஊர்ல அவ மாமனார் மாரியப்பன் நெலம் அரை ஏக்கர் சும்மா கெடந்துச்சு. "மாமா, ஒரே ஒரு பூவுக்கு, ஒரு வெள்ளாமைக்கு மட்டும் வுடுங்க. இது வந்துட்டா எம்பொண்ணு காவியாவ வுட்டுட்டு நான் திரும்பவும் பெங்களூரு போவேண்டியதில்ல"ன்னு கெஞ்சி வாங்கி சாமந்தி வெச்சா. "வரலைன்னா பஸ்ஸேறிடணும்"னாரு கெழவரு. சரின்னா.

செடி எப்படி வந்துச்சுங்கறீங்க! குட்டையா, கெட்டியா, கணுவுக்குக் கணு மொட்டு. நான் பக்கத்துத் தோட்டத்துக்காரி, எனக்கே வயித்தெரிச்சல்.

அவ புருசன் ரஞ்சித்குமாருக்குப் பொறுக்கல. ஆயுத பூசைக்கு முன்னாடியே பூ வரணுமாம், செடி ஒசரம் பத்தலையாம். டானிக் வாங்கியாந்தான். மருந்தடிக்கற டேங்குக்கு ஒரு மூடின்னு கடைக்காரர் சொன்னதுக்கு, மகராசன் மூணு மூடி ஊத்துனான். அந்த டானிக் செடியைச் சடசடன்னு இழுத்துவுடும். அளவு மீறுனா இலை மெலிசாகி, தண்டு நோஞ்சானாயிடும். தூறல் மாசத்துல பூஞ்சாணம் உள்ள பூர்றதுக்கு அது போதும்.

"அதிகங்க, வேணாங்க. நான் வேற வூட்டுக்குத் தூரம், பூத்தோட்டத்துல கால் வெக்கக் கூடாது"ன்னா சுகுணா.

"வாய மூடிட்டு அடிடி"ன்னு டேங்கை அவ முதுகுல மாட்டிவுட்டான். நான் வரப்புல நின்னு எல்லாத்தையும் பாத்தேன்.

பத்தே நாள்ல செடி அரை முழம் ஏறிடுச்சு. அப்புறம் மூணு நாள் வுடாம மழை. கீழ் இலையில கருப்புப் புள்ளி விழுந்து, மேல ஏறி, மொட்டெல்லாம் கருகிக் கொட்டிப்போச்சு. என் தோட்டத்துலயும் புள்ளி வந்துச்சு, ரெண்டு தடவை மருந்தடிச்சதுல நின்னுபோச்சு.

மாரியப்பன் வந்து பாத்துட்டு, "என்னடா இது?"ன்னாரு. அந்தப் பாவி கூசாம சொல்றான்: "தூரமா இருக்கறப்ப தோட்டத்துல கால வெச்சாப்பா. தீட்டு பட்டுப்போச்சு."

சுத்தியும் பத்து பேரு. சுகுணா என்னைத்தான் பாத்தா. "கண்ணம்மாக்கா, நீ பாத்தியே. சொல்லுக்கா."

எங்க தோட்டத்துக்குத் தண்ணி மாரியப்பன் கெணத்துலருந்துதான் வருது. முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, "எனக்கென்னம்மா தெரியும்"னேன். தூ, நானும் ஒரு மனுசியா!

மறுநாள் காலையில அவளைப் பெங்களூரு பஸ்ல ஏத்திவுட்டாங்க. காவியாவுக்கு ஆறு வயசு. பஸ்ஸுக்குப் பின்னாடியே ஓடுனா. நான்தான் போயி எட்டிப் புடிச்சு, கத்தக் கத்த இழுத்துட்டு வந்தேன்.