நான் இடம் மாற்றிப் போட்ட கடல்

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கோபம் மூக்கு நுனியில். எழுபதுகளின் நடுவில், ரேடியோவில் வரும் புயல் எச்சரிக்கையை நெம்மேலி மீனவர்களுக்குப் புரியவைக்க ஆறு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். தற்காலிக வேலை. ஆறாம் நாள் செங்கல்பட்டிலிருந்து அதிகாரி வந்து கேள்வி கேட்பார். பதில் வராவிட்டால் வகுப்பும் போச்சு, என் வேலையும் போச்சு.

திட்டம் போடுவதில் நான் புலி. எந்த நிமிடம் எதைப் பேசுவது, எங்கே சிரிக்கவைப்பது என்பதுவரை நோட்டில் எழுதிவைத்திருந்தேன். வலைக் கொட்டகையின் தெற்குச் சுவரில் கரும்பலகையை மாட்டி, மேலே மெட்ராஸ், கீழே நாகப்பட்டினம், வலப்பக்கம் கடல் என்று வரைந்தேன். பிடித்த மீனைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்த பன்னிரண்டு பேர் எதிரே உட்கார்ந்தார்கள்.

நாகப்பட்டினத்துக்கு நேரே புயல் என்றால் நமக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஆளுக்கொரு திசையில் கை நீட்டினார்கள். ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், கடலு நமக்கு எடது கைப் பக்கம் கீது. நீங்க வலது கைப் பக்கம் போட்டுகீறீங்களே.”

நியாயம்தானே! தெற்கே பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு அலைச்சத்தம் இடது காதில்தான் விழும். கடலிலேயே கிடப்பவர்களிடம் கடல் அந்தப் பக்கம் என்றால் எப்படி ஒப்புவார்கள்? என் மண்டையில்தான் ஏறவில்லை. உலகம் முழுக்க வரைபடம் இப்படித்தான், மனப்பாடம் செய்யுங்கள் என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். நான்காம் நாள் இரண்டே பேர். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த இருவரில் ஒருவரின் மனைவி, மீன் விற்றுத் திரும்பியவர், கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகம் பார்க்கச் சகிக்கவில்லை போலும். ஒரு வார்த்தை கேட்காமல் பலகையைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். மணலில் படுக்கவைத்து, சாக்பீஸ் கடல் நிஜக் கடல் பக்கம் வரும்வரை திருப்பினார்.

“இப்ப பாருங்க. எல்லாம் அதது எடத்துல கீது.”

அடடா, எனக்கு ஏன் தோன்றவில்லை! ஐந்தாம் நாள் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்து பலகையைச் சுற்றி நின்றார்கள். நெம்மேலிக்கு ஒரு கிளிஞ்சல் வைத்தோம். புயலுக்கு ஒரு நண்டைப் பிடித்து விட்டோம். அது ஓட ஓட, புயல் இப்போது எங்கே என்று நான் கேட்பேன். எல்லோரும் கடலைக் காட்டிக் கத்துவார்கள். என் நோட்டில் எழுதாத சிரிப்பு அது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் வேலை செய்ததே இல்லை.

ஆறாம் நாள் வந்த அதிகாரிக்குப் பலகை மணலில் கிடந்ததே பிடிக்கவில்லை. பட்டியலில் பெயரே இல்லாத, பலகையைத் திருப்பிப் போட்ட அந்தப் பெண்தான் அருகில் நின்றார். நாகப்பட்டினத்துப் பக்கம் புயல் என்று ரேடியோ சொன்னால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி அவரிடம் கேட்டார். அவர் பலகையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தென்கிழக்கே கடலைக் காட்டினார்.

“அங்கருந்து இப்டி ஏறி வரும். கட்டுமரத்த மேட்டுல இழுத்துப் போட்ருவோம். எங்க வூட்டுக்காரரு போயே தீருவேன்னு நின்னாலும் வுட மாட்டேன்.”

அதிகாரி பதிவேட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு என்னைக் காட்டி, இவர் எப்படி என்று அந்தப் பெண்ணிடமே விசாரித்தார்.

“நல்ல சாரு. ஆறே நாளுல கத்துக்கினாரு.”