சல்லிசு மாமா வாங்கிய கேட்ரிட்ஜ்

என் அக்கா புருஷனுக்குச் சல்லிசு மாமா என்று பெயர் வைத்தது நான்தான். சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறார். நகலும் அசலும் ஒன்றுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானும் அதை நம்பிவிட்ட மனிதர். கால் ஆடாத நாற்காலி அவர் வீட்டில் கிடையாது. குடையை விரித்தால் கம்பி கண்ணைக் குத்தும். எதை எவ்வளவு அடித்துப் பேசி வாங்கினார் என்ற புராணத்தைக் கேட்காமல் அங்கே ஒரு வாய் சோறு இறங்காது.

நான் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவன். அரைகுறை வேலை எனக்கு ஆகவே ஆகாது. அக்காவிடம் இருக்கும் பெட்டியும் நான் சரிசெய்து கொடுத்ததுதான். மருத்துவமனை ரசீது கவுண்டரில் எட்டு மணி நேரம் ஏச்சு வாங்கிவிட்டு வந்து, அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காருவாள். கேட்ரிட்ஜ் என்கிற சின்னப் பேழையைப் பெட்டியில் செருகி ஆடுவது, தரிசு நிலத்தைத் திருத்தித் தோட்டம் போடும் கேம். பதினொரு வருடமாக ஒரே தோட்டம். அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அவள் பிறந்தநாளுக்கு மாமா ஒரு ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ் வாங்கி வந்தார். மெமரி கார்டில் கேம்களை ஏற்றி இதில் போட்டுச் செருகினால், பெட்டி அதை அசல் என்றே நம்பிவிடும். இருப்பதிலேயே மட்டமான ரகமாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்.

"ஆயிரம் கேம் மாப்ளே. ஒரு அசல் வாங்குற காசுல கால்வாசிகூட ஆகல."

வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன், அதில் நல்லதும் உண்டு. அசல்கள் இப்போது யானை விலை. பழையவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு இதில் ஆடலாம். மாற்றி மாற்றிச் செருகிப் பெட்டியின் பின்கள் தேயாது. ஆனால் மலிவு ரகத்தின் சில்லுகள் பழைய பெட்டியின் மின்னழுத்தத்துக்கென்று செய்தவை அல்ல, நாள்பட இரண்டுக்கும் கேடு. சில கேம்கள் ஓடவே ஓடாது. இந்த ரகத்தில் இன்னொரு வம்பும் உண்டு. ரீசெட் பொத்தானை அழுத்தி மெனுவுக்கு வந்தபிறகு அணைத்தால்தான் ஆடியது கார்டில் பதியும். மாமாவோ மின்சாரம் மிச்சம் என்று, போகிற போக்கில் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிறவர்.

அதுகூடப் போகட்டும். புதியது வந்த கையோடு, அக்காவின் பழைய கேட்ரிட்ஜை இணையத்தில் விளம்பரம் போட்டு யாருக்கோ விற்றுவிட்டார்.

"அதே கேம்தான் இதுலயும் இருக்கே" என்றார்.

"கேம் இருக்கு. என் தோட்டம் எங்க?" என்றாள் அக்கா.

தோட்டம் விற்றுப்போன கேட்ரிட்ஜுக்குள் இருந்தது. உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி, அதன் தயவில்தான் அத்தனை வருட உழைப்பும் அழியாமல் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படியெடுத்துப் புதியதில் ஏற்றித் தந்திருப்பேன். கேட்கவில்லை. சாவிக்கு நகல் எடுத்துவிட்டு வீட்டையே விற்ற மேதாவி.

அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாலாம் நாள் மாலை, அவள் பால் காய்ச்ச எழுந்த நேரத்தில் மாமா சுவர் சுவிட்சைத் தட்டினார். அன்று ஆடியது மொத்தமும் போயிற்று. அதற்குப் பிறகு அவள் பெட்டிப் பக்கமே போகவில்லை. வேலையிலிருந்து வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய், ரீசெட் அழுத்தாமல் அணைத்ததால் வந்த கேட்டைச் சொல்லிப் பிடிபிடியென்று பிடித்தேன். "மிச்சம் மிச்சம்னு எதை மாமா மிச்சம் பிடிச்சீங்க? ஒரு வேலையை உருப்படியா செய்யத் தெரியுமா உங்களுக்கு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் குடையோடு வெளியே போனார். இரண்டு மணி நேரம் கழித்துப் பழைய கேட்ரிட்ஜோடு திரும்பி வந்தார். விற்றதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தாராம். பேரம் பேசவில்லையாம்.

"வாங்கினவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷன். புது பேட்டரிகூட போட்டு வெச்சிருக்கார்."

அக்கா கேட்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்தாள். "மூலையில நெயில் பாலிஷ் வெச்சிருந்தேன், அடையாளத்துக்கு. யாரோ சுரண்டியிருக்காங்க."

அந்தச் சிவப்புப் பொட்டை அழுக்கென்று சுரண்டியது நான். போன வாரம் என் மேசையில், மாமா விற்ற சேதி எனக்கு வருமுன், யாருடையதென்று தெரியாமல். உள்ளே யாரோ ஆடிச் சேமித்த பழைய ஆட்டம் இருக்கிறது, தனக்கு வேண்டாம் என்று பல் டாக்டர் சொன்னார். நானும் அழிந்தால் அழியட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு கம்பி கொடுத்து வெளியிலிருந்து மின்சாரம் ஊட்டிக்கொண்டே பேட்டரியை மாற்றினால் உள்ளே இருப்பது அழியாது. கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும். வரிசையில் இன்னும் மூன்று பெட்டிகள் காத்திருந்தன.

அக்கா செருகிப் போட்டாள். திரையில் வெறும் தரிசு நிலம்.

"எல்லாம் என்னாலதான்" என்றார் மாமா.

"பேட்டரி மாத்தினது நான்க்கா" என்றேன். பத்து நிமிடக் கதையையும் சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்தாள்.

"நீயும் மிச்சம் பிடிச்சியாடா?"

மாமா ரீசெட்டை அழுத்தினார். பிறகு பெட்டியின் பொத்தானிலேயே அணைத்தார்.