வைபவத்துக்குக் காத்திருந்த மெத்தை

கொட்டாஞ்சேனை பிலோமினா மிஸ்ஸி காலமானார் என்ற செய்தி, வெள்ளவத்தையில் எங்கள் நலன்புரிச் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வந்தது. தலைவர் ஒரு நிமிட மௌனத்துக்கு எழுந்தார். சங்கத்தோடு மிஸ்ஸி சண்டை பிடிக்காமல் கழிந்த முதலாவது நிமிடம் அது.

ஓய்வுபெற்ற தாதியான அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பெருவிரலையும் தெரியும். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டி, சிவந்திருக்கும் தோலை அழுத்திவிட்டு விரலை எடுப்பார். “அழுத்தின இடம் வெளுக்கேல்ல எண்டால் படுக்கைப் புண் உள்ளுக்குத் தொடங்கிட்டுது. நாளைக்குப் பாப்பம் எண்ட கதை இல்லை” என்பார்.

தெமட்டகொடையில் கட்டட வேலையின்போது விழுந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த இராசுவை அப்படிப் பார்த்த அன்றே, காற்று மெத்தை கேட்டு எங்களுக்கு எழுதினார். மெத்தை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து, சங்க அலமாரியில் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது. குறை ஒன்றுதான்: கையளிப்பு வைபவத்துக்குப் பிரதம விருந்தினர் தந்த திகதி இரு தடவை தள்ளிப்போயிற்று. இரு தடவையும் வருத்தம் தெரிவித்து மிஸ்ஸிக்குக் கடிதம் எழுதியவன், செயலாளரான நான். எழுத்துப்பிழை இருக்கவில்லை.

பத்தாம் நாள் மிஸ்ஸியே சங்க வாசலில் ஓட்டோவில் வந்து இறங்கினார்.

“கொஞ்சம் பொறுங்கோ மிஸ்ஸி. பெரிய மனிசன். அவர் வந்தால் இன்னும் பத்து மெத்தை வரும்” என்றார் தலைவர்.

“நான் பொறுப்பன் ஐயா. இராசுவின்ர தோல் பொறுக்காது. நீங்கள் இந்தக் கதிரையில ரெண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்து காட்டுங்கோ, பாப்பம்.”

“படம் எடுக்கோணுமே?”

“வைபவத்தில வெறும் பெட்டியக் குடுங்கோ. பேப்பரில வாற படத்தில உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஆர் பாக்கினம்?”

மெத்தையையும் அதன் மோட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வைபவம் பின்னர் சிறப்பாக நடந்தது. வெறும் பெட்டியை விருந்தினர் இரு கைகளாலும் கொடுத்தார். இராசுவின் மனைவி இரு கைகளாலும் வாங்கினார். பாரமாக இருப்பதுபோல் பிடிக்கும்படி படம் எடுத்தவர் சொன்னார்.

ஆனால் அந்தப் பத்து நாளில் புண் திறந்துவிட்டிருந்தது. ஆற ஏழு மாதம் பிடித்தது. நாள் தவறாமல் பஸ்ஸேறிப் போய் மருந்து கட்டியவர் மிஸ்ஸி. ஒருநாள் நானும் போயிருந்தேன். கட்டை அவிழ்த்துக் காட்டினார்.

“இது இவற்ற வருத்தமில்லை, தம்பி. நீங்கள் எழுதின கடிதங்கள்.”

அவர் நினைவாக மூன்று மெத்தைகளை முப்பத்தோராம் நாள் வைபவம் வைத்துக் கையளிப்பதென்று, மரணச் செய்தி வந்த அன்றைய கூட்டம் தீர்மானித்தது. அழைப்பிதழ் எழுதும் பொறுப்பு எனக்கு. மறுநாட் காலையே மூன்றையும் உரிய வீடுகளுக்குக் கொண்டுபோய் விரித்துவிட்டேன். அழைப்பிதழை இன்னும் எழுதவில்லை. மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒழுங்கீனம். அதைத் திருத்திக்கொள்ளும் உத்தேசம் இல்லை.