ஒரே வேலை எழுதிய பலகை

பலகையைக் கம்பி வேலியில் சாய்த்துவிட்டு, கவிழ்த்த பெயின்ட் வாளியில் எர்மிலா உட்காரும்போது பேராலய மணி எட்டு அடித்திருக்காது. பலகையில் ஒரே சொல்: டைல்ஸ். மெக்சிகோ நகரத்துப் பேராலய வேலியோரம் முப்பது பேர் இப்படி வேலைக்குக் காத்திருக்கிறோம். பெண் அவர் ஒருவர்தான். பக்கத்து வாளி என்னுடையது, குழாய் வேலை.

வந்த புதிதில் அவர் பலகையில் ஐந்து வேலை இருந்தது. பதினெட்டு நாள் ஒருவரும் கூப்பிடவில்லை. "எல்லாம் தெரியும்னு எழுதினா, எதுவும் தெரியாதுன்னு படிக்கிறான்ப்பா" என்பார். இப்போது ஆள் தேடி யார் வந்தாலும் முதல் விசாரணை இவருடையதுதான். "சுவர்ல ஈரம் மேலயா, கீழயா? அப்ப குழாய்தான். இந்தா, இவனுக்கு வாய்தான் நீளம், வேலை சுத்தம்" என்று என்னைத் தள்ளிவிடுவார். தரகு கேட்டதில்லை. வேலை முடிந்து வருகிறவன், வாங்கிய தினக்கூலியை எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மறைத்தவனோடு அன்றைக்குப் பேச மாட்டார்.

போன வாரம் அவருக்கே பன்னிரண்டு நாளாக வேலை இல்லை. காலைக்கு வாங்கிய டாக்கோ ரொட்டியில் பாதியைத் துணியில் சுற்றி மதியத்துக்கு வைத்ததைப் பார்த்தேன். அப்போது ஒருவர் வந்தார். குளியலறைக்கு டைல்ஸ்; நாளுக்கு நானூறு பெசோ.

"எழுநூறுங்க ஐயா."

"சும்மாதானே உக்காந்திருக்க?"

"உக்காந்திருக்கறதுக்கு நான் கூலி கேக்கல. ஒட்டுறதுக்குத்தான் எழுநூறு."

வந்தவர் நகர்ந்துவிட்டார். "ஐநூறுக்காவது போயிருக்கலாமே அக்கா" என்றேன்.

"நான் போனா, நாளைக்கு இங்க எல்லாருக்கும் ஐநூறுதான். வாய மூடு." குரல் உறுதியாகத்தான் இருந்தது. கண்தான் போகிறவர் முதுகை விட்டு அகலவில்லை.

வேலிக் கடைசியில் கிறிஸ்பின் இருக்கிறார். அவரும் டைல்ஸ்தான், அவருக்கும் ஒரு வாரமாக வேலை இல்லை. அங்கே போய்க் கேட்ட அந்த ஆளிடம் அவர் உரக்கச் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "எனக்கும் எழுநூறுதான். ஆனா நான் சுவருக்குத்தான் ஒட்டுவேன். குளியலறைத் தரையில தண்ணி தேங்காம வேணும்னா அந்தம்மாகிட்டப் போங்க."

வந்தவர் திரும்பி வந்தார். "சரி, எழுநூறு. இன்னிக்கே வர்றியா?"

எர்மிலா பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். நேரே கிறிஸ்பினிடம் போய், "எழுநூறு" என்றார், வேலி முழுக்கக் கேட்கும்படி. பிறகு துணியை அவிழ்த்து, அந்தப் பாதி டாக்கோவை அவர் கையில் வைத்தார்.