ஏழாம் அறையின் குறிப்புக் கட்டம்

ரேடியோ என்ற பெயர் அவளுக்குத் தையல் ஆலையில் வந்தது. பதினெட்டு வருஷம் நூறு மெஷின்களுக்கு நடுவே கத்திப் பேசியே பழகியவள், ஆலையை இழுத்து மூடியபோது அந்தத் தொண்டையோடுதான் வீட்டுக்கு வந்தாள். இவள் உப்பு கேட்டால் மூன்றாவது வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள் என்று கணவர் கிண்டல் செய்வார். அந்தத் தொண்டைக்கும் ஒரு காலம் வரும் என்று யார் கண்டது? முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, காது மந்தமான அத்தனை பேருக்கும் அவள் சொன்னது ஒரே தடவையில் கேட்டுவிட்டது.

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று மேலாளர் அம்மா சொல்லியிருந்தார். குளிப்பாட்டித் துவட்டும்போது கால்விரல் இடுக்கை விடக்கூடாது. மாத்திரையை விழுங்கினார்களா, கன்னத்தில் ஒதுக்கினார்களா என்று பார்க்க வேண்டும். எல்லாம் இரண்டே வாரத்தில் ரேடியோவுக்கு அத்துப்படி. வீட்டில் கணவர் தலைவலி மாத்திரை போட்டால்கூட வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அவரும் பாவம், காட்டினார்.

மசியாத ஒரே ஆள் ஏழாம் அறை நர்ஸம்மா. முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். படுக்கை விரிப்பின் மூலை மடிப்பு நூல் பிடித்த மாதிரி இல்லையென்றால் அதில் உட்காரவே மாட்டார். ரேடியோ தினமும் மூன்று தடவை விரித்தாள், மூன்று தடவை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்படியும் அவளுக்குக் கோபம் வரவில்லை. சலிக்காமல் பேசும் இன்னொரு வாய் கிடைத்ததே என்று சந்தோஷம்தான்.

வேலை முடிந்து கிளம்புமுன் ஒவ்வொரு அறைக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். சோதனைக்காக, கடைசி வாரத்தில் ஏழாம் அறைத் தாளை மட்டும் ரேடியோவிடம் கொடுத்தார்கள். சாப்பாடு, உறக்கம், மனநிலை என்று மூன்று கட்டம். அவற்றில் எல்லாரும் ‘சரி’ போடுவார்கள். நான்காவது, ‘குறிப்பு’. அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். காலி இடத்தைக் கண்டால் ரேடியோவுக்குக் கை சும்மா இருக்குமா? அடுத்து வேலைக்கு வருபவள் படிக்கத்தானே என்று எழுதித் தள்ளினாள். இடம் போதாமல் ஓரத்திலும் வளைத்து எழுதினாள். அந்தத் தாளைப் படமெடுத்து நர்ஸம்மாவின் மகனுக்கு அனுப்புகிறார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருந்தபோது மேலாளர் அம்மா கூப்பிட்டார். இதை எழுதியது யார் என்று மகன் போனில் கேட்டாராம். நாளைக் காலை நேரில் வருகிறாராம். வேலை போச்சு என்றே ரேடியோ முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் அவள் வாயே திறக்காததைப் பார்த்துக் கணவர் பயந்துபோய், விஷயத்தைக் கேட்டு வாங்கினார்.

“நீ எழுதினதுல பொய் எதுவும் இருக்கா?”

“ஒரு எழுத்துகூட இல்லைங்க. அதான் பயமா இருக்கு.”

மறுநாள் வந்தவர் ஐம்பதைத் தாண்டிய, தொப்பை போட்ட மனிதர். மேலாளர் அம்மாவின் முன்னால் போனை நீட்டி, எழுதியிருந்ததைச் சத்தமாகவே படித்தார். “‘அந்தத் தடிமாடு போன மாசம் வந்தான். கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தான், ரெண்டு நிமிஷம் என்னைப் பார்த்தான். தொப்பை வேற. மாடிப்படி ஏறி இறங்குடான்னா கேட்டாத்தானே.’ இது எங்கம்மா சொன்னதா?”

ஆமாம் என்று ரேடியோ சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

“அப்ப இது?” அவர் விரல் கடைசி வரியில் நின்றது. ‘கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறார். இன்று ஒன்பது தடவை.’

“நான் எண்ணினேங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு வருஷமா சரி, சரி, சரின்னுதான் வந்துச்சு. அம்மா சரியா இருக்காங்கன்னு நானும் என் வேலையைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். இப்பத்தான் அம்மா பேசுறது கேட்டுச்சு. தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்கம்மா.”

கண்டிக்கத் தயாராக இருந்த மேலாளர் அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குறிப்புக் கட்டம் கொஞ்சம் சின்னதுதான், பெரிதாக்கிவிடலாம் என்றார். ரேடியோவின் வேலை நிரந்தரமானது இப்படித்தான்.

மகன் ஏழாம் அறைக்குப் போனார். அரை மணி நேரம் அவர் வாங்கிய திட்டு நடைவழி முழுக்கக் கேட்டது. பிறகு, வந்ததுதான் வந்தாய், விரிப்பையாவது ஒழுங்காகப் போடு என்று அம்மா சொல்ல, மூன்று தடவை போட்டு மூன்று தடவையும் தோற்றார். ரேடியோவுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். மாலை வரை அவர் கிளம்பவில்லை. டீ கொண்டுபோனபோது பார்த்தாள். அவர் கையில் கடிகாரம் இல்லை.

அன்றைய தாளில் எழுத அவளிடம் ஊர்ப்பட்ட விஷயம் இருந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மூன்றே வரி எழுதி, மீதி இடத்தை அப்படியே விட்டாள்.

‘குறிப்பு: மகன் வந்திருந்தார். கதவு பதினான்கு தடவை திறந்தது. நர்ஸம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.’