மேற்கு பார்த்த மிஹ்ராப்

சமர்கந்தில் டிராலிபஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஹம்ராகுல், தெருப் பள்ளிவாசலைப் பெருக்கும் வேலையை வலியக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் ஒரு கிண்ணத்தைக்கூட நகர்த்தாத மனுஷன் அங்கே போய்த் தூண் துடைக்கிறார் என்று மனைவி சலோமத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவரும் கூடச் சிரித்துவிட்டு விளக்குமாற்றோடு கிளம்பிவிடுவார்.

முந்நூறு வருஷக் கட்டடம். கல் பாதத்தில் எட்டு மரத்தூண்கள், வண்ணம் தீட்டிய கூரை, மேற்குச் சுவரில் தொழும் திசையைக் காட்டும், சுதைப் பூவேலை செய்த மிஹ்ராப் மாடம். இடையில் அறுபது வருஷம் அரசாங்கம் அதைப் பில்லியர்ட்ஸ் கூடமாக்கியிருந்தது. அந்த அறுபது வருஷத்தில் ஒரு பூ உதிரவில்லை. மறுபடி பள்ளிவாசலாகத் திறந்த மூன்றாம் வருஷம் வந்தது வினை.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஷெர்சோத் ஒரு வெள்ளிக்கிழமை திசைகாட்டியோடு வந்து நின்றான். மக்கா தென்மேற்கில் இருக்க, மிஹ்ராப் நேர் மேற்கே பார்க்கிறதாம். அந்தக் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போன ஒட்டகங்கள் மேற்கு வாசல் வழியாகப் புறப்பட்டன; கட்டியவர் அதையே திசையாகப் பிடித்துக்கொண்டார். இடித்துப் புதிதாகக் கட்டுவோம் என்றான் பையன். கூட்டத்தில் பாதி தலையாட்டியது. தலையாட்டுவதற்கு என்ன, கூலியா கொடுக்க வேண்டும்?

ஹம்ராகுலுக்குப் பொறுக்கவில்லை. சுவர் போவது மட்டுமல்ல காரணம். அவருடைய தகப்பனார் பள்ளிவாசலை மூடிய நாள்வரை முதல் வரிசையில் நின்றவர். மூடிய பிறகும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சாகும்வரை அதே பக்கம் திரும்பித் தொழுதவர்.

இமாம் சயிதோலிமிடம் போனார். "எங்க வாப்பா ஆயுசு முழுக்க இந்தப் பக்கம் பாத்துத்தான் தொழுதாரு. அதெல்லாம் வீணாங்க?"

இமாம் சிரித்தார். "திசை தெரியாத காட்டுல தேடிப்பாத்து எந்தப் பக்கம் தொழுதாலும் அல்லா ஏத்துக்கிறான். உங்க வாப்பாவும் தேடித்தானே திரும்புனாரு அண்ணே. ஒண்ணும் வீணாகல."

ஹம்ராகுல் மூச்சு விட்டார். "அப்ப செவுத்தை எதுக்கு இடிக்கணும்? பாயைத் திருப்பிப் போட்டா ஆச்சு."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷெர்சோத் கொஞ்சம் முறைத்தான். ஹம்ராகுல் பாயை ஒரு முனையில் தூக்கியதும், அவனே மறுமுனையைப் பிடித்தான். அன்று மாலைத் தொழுகைக்கு வரிசைகள் தூண்களுக்குக் குறுக்கே சாய்ந்து நின்றன. பார்க்கக் கோணல்மாணலாகத்தான் இருந்தது. இரண்டு கிழவர்கள் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, பக்கத்து ஆளோடு இடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுக்க ஹம்ராகுல் வலப்பக்கம் முகம் திருப்பினார். பழைய மிஹ்ராபும், அதன் முன்னால் தகப்பனார் நின்ற இடமும் கண்ணில் பட்டன. அவருக்கும் சேர்த்தே ஸலாம் சொன்னார்.