பறக்காமல் இருக்கத் தெரிந்தவர்

வெண்டல் பெல்கி வேண்டுமென்றேதான் விழுந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு. மார்ச் இரண்டாவது வாரம் பெட்ரோல் பங்கின் காப்பி மேசையில் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் பனி அள்ளும் வண்டிகூட அவ்வளவு வேகமாக அந்த வாசலுக்கு வந்ததில்லை.

"ஐம்பத்தேழு வயசுல எவனாவது புதுசா குதிக்கக் கத்துக்குவானா? எல்லாம் திட்டம்யா. வேலை நேரத்துல அடிபட்டா வீட்டுல உக்காந்தபடியே சம்பளம். நல்ல மூளை அவனுக்கு" என்றார், அந்தப் பனி வண்டியை ஓட்டுகிறவர்.

வெண்டலை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். நல்ல மூளை என்ற இடத்தில்தான் சந்தேகம் வந்தது. விசாரித்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வெண்டல் எங்கள் ஹேக்கட் மலையில் இருபத்தொன்பது குளிர்காலமாகப் பனிச்சறுக்கு ஆசிரியர். இந்த ஊரில் சறுக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் விழுந்து எழுந்தவர்கள். மீதிப் பேர் தெரியாமலேயே சறுக்குகிறார்கள். இளவயதில் பந்தயக்காரர். பந்தயக்காரனுக்குக் காற்று என்றால் ஆகாது. இரண்டு காலிலும் கட்டிய பலகை பனியைவிட்டு எழும்பினால் அந்த நேரம் வீண். ஆகவே மேடு வந்தால் முழங்காலை மடித்து, மேட்டை விழுங்கி, பலகையைப் பனியோடு ஒட்டியே கொண்டுபோக வேண்டும். வெண்டல் இதை நாற்பது வருடம் பயின்றவர். மலையின் கிழக்குப் பக்கம் குதிமேடைகள் கட்டிய பார்க் ஒன்று உண்டு. தொளதொளவென்று கால்சட்டை போட்ட கூட்டம் அங்கே பறந்துகொண்டிருக்கும். அதை அவர் சர்க்கஸ் என்றுதான் சொல்வார். மிருகங்களைக் காணோமே என்றும் கேட்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் மலை கைமாறியது. புது முதலாளிகள் தூரத்து மலை நகரமான டென்வரில் இருக்கிறார்கள். அவர்களும் மலைக்காரர்கள்தான், ஆனால் எங்கள் மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். போன நவம்பரில் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. "அன்புள்ள மலைக் குடும்பமே" என்று ஆரம்பித்தது. சம்பளம் கொடுக்கிறவர்கள் நம்மைக் குடும்பம் என்று கூப்பிட்டால் யாரோ வீட்டைவிட்டுப் போகப்போகிறார்கள் என்று அர்த்தம். குதிக்கும் வகுப்புகளுக்குத்தான் இப்போது கிராக்கி. ஆகவே மார்ச் முதல் சனிக்கிழமைக்குள் எல்லா ஆசிரியர்களும் நடுத்தர மேடையில் குதித்து, காற்றில் ஒரு கையால் பலகையைத் தொட்டு, சுத்தமாக இறங்கிக் காட்ட வேண்டும். காட்டாதவர்கள் வருட ஊழியர் பட்டியலிலிருந்து பருவ ஊழியர் பட்டியலுக்குப் போவார்கள்.

பட்டியல் மாறினால் சம்பளம் கொஞ்சம்தான் குறையும். போவது மருத்துவக் காப்பீட்டு அட்டை. வெண்டலின் மனைவி லோர்னாவுக்கு மூட்டுவாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. ஊசி தவறினால் விரல்கள் பூட்டிக்கொள்ளும், காப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் தூக்க வேண்டும். அந்த ஊசியின் விலையைச் சொன்னால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், ஆகவே சொல்லவில்லை. அட்டை இருந்தால் ஊசி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வெண்டல் சர்க்கஸில் சேர்ந்தது அதற்காகத்தான்.

முதலில் போய்ப் பார்த்தது பார்க் பயிற்சியாளர் மேவ் டாட்ரோவை. முப்பத்தொரு வயது. இரண்டு முழங்காலிலும் தையல் தழும்பு, அதை வரும் விருந்தாளிகளுக்கு எல்லாம் காட்டுவாள்.

"முதல் நாள் சின்ன மேடைல விட்டேன்" என்றாள். "மனுஷன் நேரா வந்தாரு. நுனில முழங்காலை மடிச்சாரு. மேட்டை அப்படியே குடிச்சுட்டு அந்தப் பக்கம் போயி நின்னாரு. பலகைக்கும் பனிக்கும் நடுவுல ஒரு காகிதம்கூட நுழைஞ்சிருக்காது. அவ்வளவு அழகா ஒருத்தர் பறக்காம இருந்து நான் பாத்ததே இல்ல."

"நீ என்ன சொன்ன?"

"'வெண்டல், இது வேகத்தடை இல்ல, மேடை. நுனிக்கு வர்றப்போ தரையை மிதிச்சுத் தள்ளுங்க. ரெண்டு காலும் ஒண்ணா, கணுக்கால்லேருந்து. கை முன்னால. கண்ணு இறங்குற இடத்துல'ன்னேன். 'அப்படித் தள்ளினா மேல போயிடுவேனே'ன்னாரு. 'அதுக்குத்தானே ஐயா வந்திருக்கீங்க'ன்னேன்."

ஒரு வாரம் அவரைச் சமதரையில் நிற்கவைத்து, பூட்ஸும் பலகையுமாக நின்ற இடத்திலேயே குதிக்கவிட்டாளாம். லிஃப்ட் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில். அவரிடம் படித்த ஆட்கள் மேலே போகும் லிஃப்ட் நாற்காலிகளிலிருந்து கத்தினார்கள்: "வெண்டல் சார், காலுக்குள்ள எறும்பா?" அவர் திரும்பிப் பார்க்காமல் குதித்தார். பிறகு பாதையோரத்து மேடுகள். பிறகு சின்ன மேடை. பின்பக்கம் சாய்ந்து முதுகில் விழுந்தார், ஒருமுறை அல்ல, பதினொரு முறை. மேவ் எண்ணியிருக்கிறாள். பலகையைத் தொடக் குனியக் கூடாது, முழங்காலை மேலே இழுத்தால் பலகை தானே கைக்கு வரும் என்பது விளங்க இன்னும் ஒரு வாரம்.

பிப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை நடுத்தர மேடையில் ஏறினார். மேலே நின்று, பார்க்கில் எல்லாரும் கத்துகிற மாதிரி, "இறங்குறேன்!" என்று கத்தினார். அப்படிக் கத்திவிட்டால் இறங்கியாக வேண்டும், பின்னால் நிற்கிறவர்கள் வழிவிட்டுவிடுவார்கள். இறங்கினார், தள்ளினார், எழும்பினார். கை பலகையைத் தொட்டது. சரிவில் வந்து இறங்கியபோது சத்தமே இல்லை என்றாள் மேவ்.

"கீழ நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. 'இதையா இத்தனை வருஷம் சர்க்கஸ்னேன், என்னை எதால அடிக்கலாம்'னாரு. அன்னிக்கே பரீட்சை வெச்சிருக்கலாம். சனிக்கிழமைதான்னு டென்வர்ல தேதி போட்டுட்டாங்க."

வெள்ளி இரவு மழை. விடிந்தபோது மலை முழுக்கக் கண்ணாடி. பனி இறுகினால் பலகை வேகமாக ஓடும் என்பதால் மேவ் புறப்படும் இடத்தைக் காட்டும் கம்பத்தைப் பன்னிரண்டு அடி கீழே மாற்றி நட்டாள். தானே இரண்டு முறை குதித்துச் சரிபார்த்தாள். "வெண்டல், கணக்கு எல்லாம் நான் போட்டுட்டேன். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். பிரேக் மட்டும் போட்டுடாதீங்க."

இங்கே மேடையின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். நுனிக்கும் இறங்கும் சரிவுக்கும் நடுவே மேசை மாதிரி ஒரு சமதளம். போதிய வேகம் இருந்தால் அதைத் தாண்டிப் போய்ச் சரிவில் இறங்குவீர்கள், சரிவு தாங்கிக்கொள்ளும். வேகம் குறைந்தால் சமதளத்தில் விழுவீர்கள். அது தாங்காது. மலையில் மற்ற எல்லா இடத்திலும் மெதுவாகப் போகிறவன் பிழைப்பான். இந்த இருபது அடியில் மட்டும் மெதுவாகப் போகிறவன்தான் உடைவான்.

வெண்டல் "இறங்குறேன்!" என்றார். இறங்கினார். பலகை ஓடிய ஓட்டம் செவ்வாய்க்கிழமை ஓட்டம் அல்ல. நுனிக்குச் சற்று முன்னால் அவருடைய இரண்டு குதிகாலும் கொஞ்சம், ஒரு சாண் அளவு, வெளிப்பக்கம் தள்ளின. ஒரு கண் சிமிட்டும் நேரம் பலகை குறுக்கே உரசியது. பிறகு நேரானது. மூளை அதைச் செய்யவில்லை. வேகத்தைக் குறை, பிழைத்துக்கொள் என்று இருபத்தொன்பது வருடம் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கால்கள் தாங்களாகச் செய்தன. தள்ளியதும் கையால் தொட்டதும் எல்லாம் சரியாகவே இருந்தன. இறங்கியதுதான் சமதளத்தின் கடைசி விளிம்பில். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று துண்டு.

"அந்த உரசல் தடம் பனில தெரிஞ்சுது. படம் எடுத்தேன்" என்றாள் மேவ்.

"எதுக்கு?"

"எடுக்கணும்னு விதி. டென்வர்லேருந்து கேட்டாங்க, அனுப்பினேன். 'பிரேக் போட வேண்டாம்னு சொன்னீங்களா?'ன்னு கேட்டாங்க. சொன்னேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? பொய்யா?"

அவளிடம் ஊர்ப் பேச்சின் வேர் இல்லை. வேர் ராய்ஸ் புஷியிடம் இருந்தது. ராய்ஸ் மலையின் மீட்புக்காரர், விழுந்தவர்களைச் சறுக்கு வண்டியில் கட்டிக் கீழே கொண்டுவருகிறவர். வெண்டலோடு ஒன்றாகப் பள்ளியில் படித்தவர், ஒன்றாகவே தேர்வில் தவறியவர். போய்க் கேட்டதும் கதவை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

"யாராவது அடிபட்டா நாங்க நிரப்புற பாரத்துல ஒரு கட்டம் இருக்கு. 'என்ன நடந்தது, அடிபட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதவும்'னு. நான் வழக்கமா சுருக்கி எழுதுவேன். போன வருஷம் அதுக்கு மெமோ குடுத்தாங்க. வார்த்தை மாறக் கூடாதாம். அதனால அவன் பக்கத்துல மண்டி போட்டு, 'டேய், என்னடா ஆச்சு, சொல்லு'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

ராய்ஸ் சுவரைப் பார்த்தார். "'என்ன ஆச்சா? உக்காந்து சம்பளம் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசைடா. அதான் வேணும்னே விழுந்தேன். எழுதிக்கோ, எழுத்துப் பிழை இல்லாம எழுது'ன்னான். கால் அந்தப் பக்கம் திரும்பிக் கிடக்குது, இவன் என்னைச் சிரிக்க வெக்கிறான். நானும் சிரிச்சேன். எழுதினேன்."

"எழுதினீரா!"

"வார்த்தை மாறாம எழுதுன்னு சொன்னாங்கய்யா! படிக்கிறவனுக்குத் தெரியாதா, விளையாட்டுன்னு? இங்க படிச்சிருந்தா சிரிச்சிருப்பாங்க. டென்வர்ல படிச்சாங்க."

டென்வரில் சிரிக்கவில்லை. எங்கள் மாநிலச் சட்டப்படி வேலையில் அடிபட்டால் தப்பு யாருடையது என்று கேட்காமல் நஷ்டஈடு கொடுப்பார்கள், வேண்டுமென்றே அடிபட்டால் மட்டும் கிடையாது. ஒரு கையில் ராய்ஸின் பாரம், மறு கையில் மேவின் படம். எழுதியதும் உண்மை, எடுத்ததும் உண்மை. நஷ்டஈட்டை நிறுத்திவைத்தார்கள். அந்த பாரத்தைத் தட்டச்சு செய்த அலுவலகப் பெண்ணின் கணவர்தான் பனி வண்டி ஓட்டுகிறவர். காப்பி மேசைக்கு அப்படி வந்தது. பரீட்சையில் தேறவில்லை என்ற கடிதமும் அதே வாரம் வந்தது. குடும்பத்தின் அன்போடு.

வெண்டலின் வீட்டுக்கு மே மாதம் போனேன். காலை ஒரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். லோர்னா சீருடையில் இருந்தாள், மார்பில் மலையின் சின்னம்.

"என்ன லோர்னா, நீயும் குதிக்கப் போறியா?"

"துண்டு மடிக்கப் போறேன்" என்றாள். "மலை ஹோட்டல்ல சலவைப் பிரிவு. வருஷ வேலை. அட்டை குடுத்துட்டாங்க, என் பேர்ல. இவரு இப்போ என்னைச் சார்ந்தவராம். பாரத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"கை?"

"ஊசி போட்டாதான் விரல் மடங்குது. விரல் மடங்கினாதான் துண்டு மடிக்கலாம். துண்டு மடிச்சாதான் ஊசி. நல்ல ஏற்பாடு, இல்ல?" என்று சொல்லிவிட்டு, கார்ச் சாவியைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு போனாள். கதவை இடுப்பால் சாத்தினாள்.

வெண்டல் ஜன்னல் வழியே கார் போகும் வரை பார்த்தார். "அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து, சமையக்கட்டுப் படியிலேருந்து குதிச்சுக் காட்டினேன் அவளுக்கு. கை தட்டினா. அன்னிக்கு விரல் நல்லா இருந்துச்சு."

"வேணும்னே விழுந்தீங்களான்னு கேட்டு வரச் சொன்னாங்க."

"யாரு?"

"ஊரு."

"வேணும்னே பறந்தேன்" என்றார். "விழுந்தது பழக்கத்துல. பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

நஷ்டஈடு கேட்டு வெண்டல் போட்ட மேல்முறையீடு அக்டோபரில் வருகிறதாம். ராய்ஸ் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார், அது விளையாட்டுப் பேச்சு என்று. விளையாட்டு என்று தெரிந்தும் ஏன் எழுதினாய் என்று அவரைக் கேட்பார்கள். அதற்குப் பதில் அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நடுவே ஒரு சின்ன விஷயம் பாக்கி. எங்கள் மலையில் சறுக்கு வண்டியில் கட்டிக் கீழே கொண்டுவரப்பட்டவர்கள், காலோ கையோ கூடியதும், கொண்டுவந்தவருக்கு ஒரு பெட்டி பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். இடுப்பு உடைந்த பாதிரியார்கூடக் கொடுத்திருக்கிறார். வெண்டல் கொடுக்கவில்லை. ராய்ஸ் கேட்கவும் இல்லை.

"குடுத்தா, அவன் எழுதினது சரின்னு ஆயிடும்" என்றார் வெண்டல். "குடுக்கலன்னா, அவன் என்னை இறக்கினதே இல்லன்னு ஆயிடும். அந்த ஐஸ்ல ஒரு குலுக்கல் இல்லாம கொண்டுவந்தான்யா. அவனைத் தவிர ஒருத்தனாலயும் முடியாது."

"அப்போ?"

"தெரியல. அவனுக்கு எந்த பீர் பிடிக்கும்னு மட்டும் தெரியும்."